கொளஞ்சி முதல் ஜெயில்வீரன் வரை: நடுநாட்டில் பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை

(மங்கலம்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளைப் பெயர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு நேரம் போதாது என்பதுதான் கவலை. அதனால் எல்லாப் பெயர்களையும் தொடப் போவதில்லை. வெளியூர்க்காரர் கேட்டதும் சிரிக்கிற பெயர்கள், அல்லது "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்கிற பெயர்கள் மட்டும் போதும். கொளஞ்சி, பூவராகன், குஞ்சிதபாதம், பாவாடை, மண்ணாங்கட்டி, செடல், வளன், ஜெயில்வீரன். இவை எல்லாமே நடுநாட்டில், அதாவது இன்றைய கடலூர் மாவட்டத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் வாழ்ந்த, வாழ்கிற பெயர்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைச் சுமப்பது பிள்ளை. ஆனால் அந்தப் பெயரில் எழுதியிருப்பது பெற்றவர்களின் கதை. அவர்களுடைய நேர்த்திக்கடன், பயம், பிடிவாதம், ஆசை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்தக் கதை நமக்குத் தெரியாமல் போகும்போதுதான் பெயர் விநோதமாகப் படுகிறது.

1. கூப்பிடு தூரத்துச் சாமி

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான், ஆனால் வேலும் மயிலுமாக நிற்கும் சிலை வடிவில் இல்லை, பலிபீட வடிவில் இருக்கிறார். கொளஞ்சிப் புதருக்குள் பசு பால் சொரிந்த இடம் என்பது தலவரலாறு. கொளஞ்சி என்ன பெரிய தெய்வீக மலரா? வயலில் மடக்கி உழும் தழையுரச் செடி. அந்தச் செடியின் பெயர் சாமிக்குப் போய், சாமியிடமிருந்து கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள் என்று வீட்டுக்கு வீடு இறங்கியது. திருநெல்வேலியிலோ கோயம்புத்தூரிலோ ஒரு கொளஞ்சியைச் சந்தித்தால், "விருத்தாசலம் பக்கமா?" என்று நம்பிக் கேட்கலாம்.

இந்தக் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காவல் நிலையத்தில் மனு எழுதுவது போலவே பெயர், ஊர், குறை எல்லாம் தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டுகிறோம். காரியம் முடிந்ததும் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். பிள்ளை வரம் கேட்டுப் பிராது கட்டியவருக்குப் பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைப்பார்? தீர்ப்பு சொன்னவரின் பெயரைத்தான் வைப்பார். கொளஞ்சி என்கிற பெயரை வழக்கு முடிந்ததற்கான ரசீது என்றே சொல்லலாம்.

கொஞ்சம் தெற்கே போனால் ஸ்ரீமுஷ்ணம். பன்றி உருவில் பூமியை மீட்ட பெருமாள் அங்கே பூவராகசாமி, தாயார் அம்புஜவல்லி. உலகத்தில் வேறு எங்கே ஒரு தகப்பன் பெருமையோடு பிள்ளைக்குப் பன்றியின் பெயரை வைப்பான்? இங்கே பூவராகன், பூவராகமூர்த்தி என்று வைப்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. மாசி மகத்துக்கு அந்தச் சாமி கிள்ளை கடற்கரைக்குப் போகும்போது வழியில் தர்காவில் மரியாதை பெற்றுப் போவதும் இந்த மண்ணின் வழக்கம்.

சிதம்பரத்துக்கு வந்தால் பெயர்கள் இன்னும் நுணுக்கமாகின்றன. அம்பலவாணன், பொன்னம்பலம், கனகசபை, சபாபதி, சபாநாயகம் எல்லாம் ஆடுகிற இடத்தை வைத்து வந்தவை. குஞ்சிதபாதம் மட்டும் ஆடுகிறவரின் உடம்பில் ஓர் உறுப்பை, அதுவும் ஒரு கணத்து அசைவைப் பிடித்து வைத்த பெயர்: வளைத்துத் தூக்கிய இடது திருவடி. தெருவில் அதைக் "குஞ்சு" என்று சுருக்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். 1014 வாக்கில் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டில், பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் ஒருத்தியின் பெயர் நக்கன் எடுத்தபாதம். அதே தூக்கிய திருவடி, சுத்தத் தமிழில், ஒரு பெண்ணுக்கு! ஆயிரம் ஆண்டுக்குள் அது வடமொழிக்கு மாறி ஆணுக்குப் போயிருக்கிறது.

சாமி பெயரே ஊர்ப் பெயராக, அது மறுபடி ஆள் பெயராக வருவதும் உண்டு. பழமலை, முதுகுன்றம், விருத்தாசலம், விருத்தகிரி நான்கும் ஒன்றே. 1906-ல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஒரு திருநெல்வேலி வீட்டுப் பிள்ளைக்கு விருத்தாசலம் என்று பெயர். புதுமைப்பித்தன் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டாருக்கு வீட்டில் வைத்த பெயர் சுவேதவனப் பெருமாள். பிள்ளையில்லாத அச்சுத களப்பாளர் திருவெண்காட்டுக்குப் போய் முக்குளத்தில் நீராடி வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் திருவெண்காட்டு இறைவனின் பெயர். சிவஞானபோதம் எழுதியவரும் கொளஞ்சியும் பெயர் வாங்கிய விதம் ஒன்றுதான்.

2. எமன் கண்ணில் படாத பெயர்

அடுத்த வகையை நாம் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தே பழகியிருக்கிறோம். குப்பன், குப்பு, குப்பம்மாள், பிச்சை, தவிடன், மூக்கன், மண்ணாங்கட்டி.

பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளை பிறந்ததும் ஒரு சின்ன நாடகம் நடக்கும். பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தற்செயலாக வந்தவள் போல வந்து, "யார் பெத்த புள்ளையோ" என்று எடுத்துக்கொண்டு வந்து தாயிடம் கொடுப்பாள். அந்தப் பிள்ளை குப்பு. இன்னொரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரிக்கு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை "வாங்குவார்கள்"; அது தவிட்டுப் பிள்ளை. மூக்குக் குத்தி விட்டால் மூக்கன், மூக்காயி. பிச்சையாகக் கேட்டு வாங்கினால் பிச்சை. பயன் இல்லாதது போல் தோன்றினால் எமன் ஏன் கை வைக்கப் போகிறான் என்கிற கணக்கு. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் இல்லாத காலத்தில் ஒரு தாயின் கையிலிருந்த மருந்து பெயர்தான்.

இந்தப் பயத்துக்கு மதம் கிடையாது. பிச்சைமுத்து கிறித்தவ வீட்டிலும் உண்டு, நாகூர்பிச்சை இசுலாமிய வீட்டிலும் உண்டு, பிச்சையம்மாள் எல்லா வீட்டிலும் உண்டு. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள், பிறந்து பிறந்து இறக்கும் பிள்ளையை அபிகு என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு மலோமோ என்று பெயர் வைப்பார்கள். "இனிப் போகாதே" என்று பொருள். அவர்கள் பிள்ளையிடம் கெஞ்சினார்கள், நாம் எமனிடம் பொய் சொன்னோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாவாடை என்கிற பெயரை இந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது வகுப்பே சிரிக்கும். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு "உள்ளேன் ஐயா" என்பான். அவன் பாட்டனுக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. அங்காளம்மன் கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்கும் வீரன் பாவாடைராயன். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்ட வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் அந்தக் காவல்காரனின் பெயர். தைத்துக் கட்டும் உடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் வகுப்பு அடங்கியிருக்கும்.

செடலும் அப்படித்தான். மாரியம்மன் திருவிழாவில் நேர்த்திக்கடனாக உடம்பில் கொக்கி குத்திச் செடல் போட்டுக்கொள்வதை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். இமையத்தின் நாவலில் கோயிலுக்கு நேர்ந்து விடப்பட்ட பெண்ணின் பெயர் செடல். நாவலின் தலைப்பும் அதுவே. கண்மணி குணசேகரனின் அஞ்சலை நாவலும் அதே மாதிரி. நம் பெண்களின் பெயர்கள் அட்டைப்படத்தில் ஏறியது இந்த இரண்டு எழுத்தாளர்கள் நம் மண்ணுக்குச் செய்த கொடை.

3. கோணான்குப்பத்துப் பட்டறை

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோணான்குப்பம் இருக்கிறது. இத்தாலியில் 1680-ல் பிறந்து இங்கே வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி எழுப்பிய மாதா கோயில் அங்கே உண்டு. மரியாளைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுத்தி அவர் வைத்த பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் கோயிலில் விருத்தாம்பிகைக்கும் பெரியநாயகி என்றுதான் பெயர். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரு பெரியநாயகியைப் பார்த்தால், அவர் எந்த மதம் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படி.

பெஸ்கி தம் பெயரையே மாற்றிக்கொண்டவர். அசையாத உறுதி என்ற பொருள் கொண்ட தம் லத்தீன் பெயரைத் தைரியநாதர் ஆக்கிக்கொண்டார். பிறகு வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்று அழைத்தார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குள் பெருகட்டும் என்கிற பொருள் இருக்கிறது. அதைத் தமிழில் உருக்கி வார்த்தது வளன். இன்றைக்கு வளன், வளனரசு என்று பெயர் கொண்ட இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மிகவும் நவீனமான பெயர் என்று நினைப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு.

தமிழ்க் கத்தோலிக்க மரபு முழுவதிலும் இந்தப் பட்டறை வேலை நடந்திருக்கிறது. பவுல் என்றால் லத்தீனில் சிறியவர். அதனால் சின்னப்பர், சின்னப்பன். ஸ்தேவான் கிரேக்கத்தில் மணிமுடி; முடியப்பர், முடியப்பன். லியோ சிங்கம், சிங்கராயர். யோவான் கடவுளின் கருணை, அருளப்பர், அருளப்பன். ஒரு முடியப்பன் ஐரோப்பாவுக்குப் போய் ஒரு ஸ்டீபனோடு கை குலுக்கினால், தாங்கள் ஒரே பெயர்க்காரர்கள் என்று இருவருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வந்ததைப் பொருள் பார்த்துத் தன் மொழியில் வைத்துக்கொண்ட துணிச்சல் அது. இன்று ஒலியை மட்டும் இரவல் வாங்குகிறோம்.

4. ஊருக்குச் சேதி சொல்லும் பெயர்

இருபதாம் நூற்றாண்டில் பெயர் வைப்பது அரசியல் ஆனது. அதற்கு முதல் சாட்சி கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள். 1927-ல் சென்னையில் நடந்த ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் தம் சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை போனார். அந்தப் பெண்ணைக் காந்தி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் மாற்றினார். பின்னொரு முறை அஞ்சலை அம்மாள் நிறைமாதமாக வேலூர்ச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பெற்றதும் கைக்குழந்தையோடு மீதித் தண்டனையை அனுபவிக்கத் திரும்பினார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்று பெயர் வைத்தார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், முழுக்க முழுக்க கடலூர். காலப்போக்கில் அது ஜெயவீரன் என்று ஆயிற்று. எனக்கு முதல் பெயர்தான் பிடிக்கும். வெள்ளைக்காரன் அவமானம் என்று கொடுத்ததை அந்தத் தாய் பிள்ளைக்கு முதலெழுத்தாக ஆக்கினார்.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். சுவாமி வேதாசலம் 1916 வாக்கில் மறைமலையடிகள் ஆனார். பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றினார். திருஞானசம்பந்தம் என்ற மகன் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். அந்த அலை சிதம்பரத்திலும் அடித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த இராமையா அன்பழகன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். 1959-ல் பெருஞ்சித்திரனார் கடலூரில் தென்மொழி இதழைத் தொடங்கினார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இராசமாணிக்கம். அன்று விநோதமாகக் கேட்ட இளங்கோ, மணிமேகலை, செழியன், கயல்விழி எல்லாம் இன்று சாதாரணப் பெயர்கள். விநோதம் என்பது ஒரு தலைமுறைதான் நீடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

1953 மார்ச் 1 அன்று கருணாநிதிக்குப் பிள்ளை பிறந்தது. 5-ஆம் தேதி சோவியத் தலைவர் இறந்தார். இரங்கல் கூட்ட மேடையிலேயே தம் பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயர் அறிவித்தார் தகப்பன். சேலம் பக்கத்தில் பொதுவுடைமைக் கட்சிக் குடும்பம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கம்யூனிசம், லெனினிசம், சோசலிசம் என்று பெயர் வைத்திருந்தது 2021-ல் ஒரு கல்யாணத்தின்போது நாடு முழுக்கச் செய்தியானது. பலர் சிரித்தார்கள். ஒருவர் தம் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார். கொளஞ்சி வைத்தவரும் அதையேதான் செய்தார்.

5. எழுத்து கேட்கும் காலம்

இப்போது பெயர் வேறு வழியில் வருகிறது. பிள்ளை பிறந்த நட்சத்திர பாதத்துக்கு உரிய எழுத்தை முதலில் எடுக்கிறார்கள். அசுவினி என்றால் சு, சே, சோ, ல. ரோகிணி என்றால் ஒ, வ, வி, வு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நடராசருக்கு உகந்த திருவாதிரைக்கு உரிய எழுத்துகளில் ஒன்று ங. தமிழில் ங-வில் தொடங்கும் ஆள் பெயர் எங்கே கிடைக்கும்? சிதம்பரத்துச் சாமியின் சொந்த நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்கே பெயர் கிடைக்காத நிலை. ஆகவே பக்கத்து எழுத்துக்கு நகர்கிறோம். பிறகு எண் கணிதம். ஆங்கிலத்தில் ஒரு ஏ கூட்டு, ஓர் எச் சேர். அதற்கு மேல் "வேறு யாருக்கும் இருக்கக் கூடாது" என்கிற நிபந்தனை. இவ்வளவு சல்லடையிலும் சலித்து வருவது என்ன? ஷ்-இல் முடியும் ஆண் பெயர், இகா-வில் முடியும் பெண் பெயர். தனித்துவம் தேடிப் போன பெற்றோர் எல்லாரும் ஒரே தெருவில் சந்தித்துக்கொள்கிறார்கள். பொருள் என்ன என்று கேட்டால் "சாமி பேருதான்" என்பார்கள். எந்தச் சாமி என்றால் பதில் வராது.

இங்கே நிறுத்தி, "பழைய பெயர்களே மேல்" என்று கைதட்டு வாங்கிவிட்டு நான் உட்காரலாம். அது நியாயமாகாது. கொளஞ்சியும் பாவாடையும் ஊரைச் சொன்னது போலவே, பல பெயர்கள் சாதியையும் சொன்னன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை குப்புசாமி. அவர் நிலத்தில் உழைத்தவர் வீட்டுப் பிள்ளை வெறும் குப்பன். சாமி என்ற இரண்டு எழுத்துக்கூடக் கூலிக்காரருக்கு அதிகம் என்று நினைத்த ஆண்டைமார் இருந்தார்கள். அப்படிப்பட்டவரின் பேத்திக்கு இன்று ஹர்ஷினி என்று பெயர் இருந்தால், ஊரும் சாதியும் காட்டாத அந்தப் பெயர் அவளுக்கு ஒரு விடுதலை. பொருள் தெரியவில்லை என்று நாம் குறை சொல்லும் அதே காரணத்துக்காகத்தான் அவள் வீட்டார் அதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

6. பெயர் யாருக்குச் சொந்தம்?

எல்லாப் பெயரையும் கதை சொல்லி நியாயப்படுத்திவிட முடியாது. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைத்தோம். குப்பு பிள்ளையைக் காப்பாற்ற வைத்த பெயர். இவை பிள்ளையைக் குற்றவாளியாக்கிய பெயர்கள். மகாராட்டிரத்திலும் நகுசா என்ற பெயர் உண்டு, வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபரில் சதாரா மாவட்டத்தில் அந்தப் பெயர் கொண்ட 285 சிறுமிகளுக்கு விழா நடத்திப் பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர்கள் பல.

சில நாடுகள் பெயருக்கு வேலி போட்டிருக்கின்றன. ஐசுலாந்தில் 1991 முதல் பெயர்க் குழு ஒன்று இருக்கிறது; புதுப் பெயர் அவர்கள் மொழி இலக்கணத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறது. நம்மைப் போலவே அங்கேயும் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு, தகப்பன் பெயர்தான் கூட வரும். ஜப்பானில் 1993-ல் ஒரு தந்தை மகனுக்கு அகுமா, அதாவது பேய் என்று பெயர் பதியப் போக, நகராட்சி மறுத்து வழக்கு வரை போனது. நம்மூரில் அந்த வழக்கு நிற்காது. ஐங்குறுநூற்றில் முல்லை பாடியவர் பேயனார், முதலாழ்வார்களில் மூன்றாமவர் பேயாழ்வார்.

நம் சட்டம் தாராளமானது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமலும், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். வளர்ந்தபின் பிடிக்கவில்லை என்றால் அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த முருகேசன் ஜெயகாந்தன் ஆனது போல, பிள்ளை தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளவும் செய்யும். பெற்றவர்களின் உரிமை முதல் பதிப்போடு சரி.

பிறப்புச் சான்றிதழில் பெயருக்குக் கட்டம் உண்டு. ஏன் அந்தப் பெயர் என்பதற்குக் கட்டம் இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துப் போகிறேன். உங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரோடு தெருவில் கூப்பிடும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று மருமகள், அந்தப் பெயர் வைத்த தன் மகனை "ராசா" என்றே கூப்பிட்டிருப்பாள், அதுவும் பெயர்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் வைத்தது, என்ன வேண்டுதல், எந்தச் சாமி, எந்தத் தலைவர், எந்தச் சாவு என்று ஒரு வரி. போதும்பொண்ணு என்று பெயர் கொண்ட அத்தை உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கண்மணி குணசேகரன் தனி ஆளாக நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். ஒரு கல்லூரியின் ஒரு வகுப்பு சேர்ந்தால் நடுநாட்டுப் பெயரகராதி ஒன்றை இரண்டு ஆண்டில் கொண்டுவரலாம். அடுத்த முறை வகுப்பில் ஒரு பெயரைக் கேட்டுச் சிரிப்பு எழும்பினால், அந்தப் பிள்ளை எழுந்து நின்று காரணம் சொல்லும் அளவுக்காவது அது பயன்படும்.